லாரியை மோதவிட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

ஆனைக்கரையில் நான் சாலை ஓவர்சியராக வேலைக்குச் சேர்ந்தபோது, ஊரில் பாதிப் பேர் என்னைப் புது டீச்சர் என்றே நினைத்துக்கொண்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரு பெண் சேலை கட்டிக்கொண்டு, குடையும் துணிப்பையுமாகத் தினமும் காலையில் ரோட்டோரமாக நடந்துபோனால் வேறு என்னவென்று நினைப்பார்கள்? பைக்குள் அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் சிறிய சுத்தியலும் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் ஒருவர் தன் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டுவிட்டார். அவர் கடைக்கு முன்னால் இருந்த சிறுபாலத்தின் அடியில் நான் ஆள்விட்டுச் சேறு அள்ளவைத்த அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கொடுக்கும் டீயில் கொஞ்சம் கூடுதலாக ஏலக்காய் தட்டிப்போட்டார்.

நான் வேலந்தாவளத்துக்காரி. நிலமும் மாடும் உள்ள குடும்பம். பாலக்காட்டில் பாலிடெக்னிக் படித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். வேலைக்கு உத்தரவு வந்தபோது அம்மா அட்லஸில் ஆனைக்கரையைத் தேடினாள். அந்தப் பெயர் அதில் இல்லை. "அட்லஸ்ல இல்லாத ஊருக்கு எதுக்குடி ரோடு?" என்றாள்.

ஆனைக்கரையிலிருந்து குமுளி போகும் வழியில் பன்னிரண்டு கிலோமீட்டர் என் பொறுப்பு. அதில் ஒரு வளைவு எனக்குப் பிடிக்காத வளைவு. இறக்கத்தில் வரும் வண்டி இடதுபக்கம் ஒடித்துத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் எதிரே பள்ளம், பள்ளம் முழுக்க ஏலத்தோட்டம். விளிம்பில் வெள்ளையடித்த ஓரக்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தச் சிரிப்பில் இரண்டு மூன்று பல் விழுந்துவிடும். நான் புதுக் கல் நடுவேன்.

ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு அங்கே ஒரு லாரி போய் நின்றது. சரியாகச் சொன்னால், நிற்கவில்லை. ஆறு கற்களைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு, முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுழல, வயிற்றை ஒரு பலாமரத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு தொங்கியது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது டிரைவர் பின்பக்கமாக இறங்கிவந்து, விழுந்து கிடந்த ஒரு ஓரக்கல்லைக் காலால் எட்டி உதைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். மீசையை ஒழுங்காக வெட்டிவிட்டவர். அத்தனை அமர்க்களத்திலும் தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நீயெல்லாம் ஒரு கல்லா? தொட்டாக்க உழுந்துக்கற? உனக்கு வெள்ளையடிக்க ஒருத்தன் வேற!" என்று அவர் திட்டியது நான் வளர்ந்த ஊரின் பேச்சு. எத்தனையோ மாதமாக அந்தப் பேச்சைக் கேட்காத எனக்கு, விபத்து நடந்த இடத்தில் நிற்கிறோம் என்பதே ஒரு நொடி மறந்துபோனது.

"ஏனுங்ணா, எந்த ஊருங்க நீங்க?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "வாளையாருங்க அம்மிணி. நீங்க?"

"வேலந்தாவளமுங்க."

"அட, வேலந்தாவளத்துச் சரக்குத்தானுங்க இது பூராவும்!" என்று கையை விரித்துக் காட்டினார். லாரி நிறைய கடலைப் புண்ணாக்கு. மூட்டைகள் கிழிந்து சாலையெல்லாம் சிதறிக் கிடந்தது. வாசனை எப்படித்தான் பரவியதோ, அரை மணிக்குள் அந்த மலையிலிருந்த மாடுகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மாடுகளை விரட்ட வந்தவர்களும் கூட்டமாக நின்றார்கள். குமுளியிலிருந்து வந்த பஸ் ஒரு மணி நேரம் நின்றது. வாயசைத்துக்கொண்டு நடுரோட்டில் படுத்துவிட்ட ஒரு எருமையை எழுப்புவதற்குத்தான் பாதி நேரம் ஆனது.

டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவர் பலாமரத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னது மனதில் தங்கிவிட்டது. "இந்த மரத்த யாருமே எனக்குன்னு வெக்கலீங்க அம்மிணி. எனக்குன்னு வெச்ச கல்லு ஒண்ணும் நிக்கல."

அந்தக் கற்களை வைத்தவள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல், "செரி, அடுத்தது நல்லதா வெய்யுங்க" என்றார்.

என் மேலதிகாரி கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசுவார். எதற்கும் பதறாத மனிதர். ஓரக்கல்லுக்குப் பதில் வேறு ஏதாவது நடலாம் என்று நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தை முழுதாகப் படித்தார்.

"வேறெதெங்கிலும்னா எது?" என்றார்.

"வண்டியைத் தாங்குற மாதிரி ஒரு தூண், சார்."

"தாங்கும்னு எப்படி அறியும்? கணக்கு உண்டோ?"

"கணக்கு போட்டிருக்கேன். ஆனா மண்ணு எப்படிப் பிடிக்கும்னு கணக்குல வரலை."

அவர் சிரித்தார். "அப்போ ஒரு லாரிய கொண்டுவந்து இடிச்சுப் பாரு. நின்னா நான் ஒப்பிடறேன்." ஒப்பிடுவது என்றால் அவர் ஊரில் கையெழுத்துப் போடுவது. வேடிக்கைக்காகத்தான் சொன்னார். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

எங்கள் சாலையை ஒட்டி ஒரு தேயிலை எஸ்டேட் இருந்தது. அதன் ஃபேக்டரியில் வேலைபார்த்த ஃபிட்டரைத் தார் கொதிக்கவைக்கும் டிரம்முக்குப் பற்றவைப்பு செய்துகொடுத்த வகையில் எனக்குத் தெரியும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எதையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்துக் கேட்காமல் நம்பமாட்டார். என் டிபன் பாக்ஸைக்கூடத் தட்டிப் பார்த்து, "மட்டத் தகரம்மா இது" என்றவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"லாரி வேணுமா? ஃபேக்டரிக்குப் பின்னால ஒண்ணு கெடக்கே, பாத்தியளா? இஞ்சின் கெடையாது. பிரேக்கு கெடையாது. சக்கரம் மட்டும் உருளும்."

"எங்க உருட்டுறது அண்ணாச்சி?"

"பழைய ரோடு கெடக்குல்லா!"

அவர் சொன்னது சரியான இடம். எஸ்டேட்டுக்குள் புது ரோடு போட்டபின் கைவிடப்பட்ட ஒரு இறக்கம். கீழே அது வளைந்து திரும்பும். திரும்பத் தெரியாத வண்டி நேராகப் போய் விளிம்பில் சாய்வாக மோதும். விளிம்புக்கு அப்பால் பள்ளம் இல்லை, மட்டமான பழைய தேயிலைக் காடுதான். மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஆட்களுக்கு ஆபத்து வராமல் என்று அவர் அனுமதி எழுதிக்கொடுத்தார். கடைசி வரியில், தானும் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார்.

வாளையார் டிரைவரின் லாரி பழுதுபார்த்து மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. வாரா வாரம் சனிக்கிழமை புண்ணாக்கு இறக்கிவிட்டு, திங்கள்கிழமை ஏலக்காய் மூட்டையோடு திரும்புவார். நடுவே ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சும்மா. சோதனை என்று கேள்விப்பட்டதும் வந்து நின்றார்.

"வண்டிய நான் ஓட்டறனுங்க."

"வேண்டாமுங்ணா. யாரும் உள்ள உக்காரக் கூடாது. ஸ்டியரிங்கைக் கயித்துல கட்டிடறோம்."

"டிரைவர் இல்லாம ஒரு வண்டியா?" அவருக்கு அது அவமானமாக இருந்தது.

உட்கார வேண்டியது ஒரு மனிதன்தான், ஆனால் உயிருள்ள மனிதனாக இருக்கக் கூடாது. சாக்குப் பையில் வைக்கோலைத் திணித்து ஒரு உடம்பு செய்தோம். தலைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது வேலந்தாவளம் சந்தையில் விற்கும் மண்பானை ஞாபகம் வந்தது. கழுத்துக் குறுகிய சிறிய பானை. பாதி தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினால் கிட்டத்தட்ட ஒரு தலையின் கனம் வரும். பானை உடைந்தால் ஆள் இல்லை. உடையாவிட்டால் இருக்கிறார். இதைவிட நேர்மையான கருவி எனக்குக் கிடைத்திருக்காது. எட்டுப் பானை வாங்கிவரச் சொல்லி டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் எங்கள் வீட்டிலேயே போய்க் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே பத்திரமாகப் பானைகள் வந்தன, அம்மாவின் கடிதத்தோடு. ஒரே ஒரு கேள்விதான் அதில்: தனியாக இருக்கிற பெண் எட்டுப் பானையில் அப்படி என்னத்தைச் சமைக்கிறாள்?

முதல் ஞாயிறு, இருக்கிற ஓரக்கல்லையே சோதித்தோம். எஸ்டேட் டிராக்டர் லாரியை மேலே இழுத்துவந்து விட்டது. பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்தோம். வைக்கோல் ஆளுக்கு டிரைவர் தன் பழைய காக்கிச் சட்டையை மாட்டிவிட்டு, "பாத்துப் போ கண்ணு" என்று தோளில் தட்டினார். ஃபிட்டர் சுத்தியலால் கட்டையை ஒரு அடி அடித்து உருவினார். லாரி சத்தமே இல்லாமல் கிளம்பியது. சாலையில் நான் போட்ட இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே அது எத்தனை நொடியில் கடக்கிறது என்று கைக்கடிகாரத்தில் பார்க்கவேண்டும். முதல் தடவை பார்க்க மறந்துவிட்டேன். கல் முறுக்கு மாதிரி ஒடிந்தது. லாரி அதைக் கவனிக்காமலே தேயிலைக்குள் போய்த்தான் நின்றது.

அடுத்த ஞாயிறு ஃபிட்டரின் யோசனை. ஒரு பழைய தண்டவாளத் துண்டைக் கான்கிரீட்டில் ஆழமாக ஊன்றியிருந்தார். சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டு, "கோயில் மணி மாதிரி இருக்கு, ஓவர்சியரம்மா. இது அசையாது" என்றார். அசையவில்லைதான். லாரி போய் இடித்தது, இடித்த இடத்திலேயே நின்றது. முன்பக்கம் தண்டவாளத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி மடங்கிப்போனது.

"நின்னுட்டு! நின்னுட்டு!" என்று ஃபிட்டர் குதித்தார். நானும் கைதட்டினேன். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் மட்டும் எங்களோடு சேரவில்லை. லாரியைத் தாண்டிப் போய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து எதையோ பொறுக்கினார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் பானை ஓடு. வைக்கோல் ஆள் முன்கண்ணாடி இருக்கவேண்டிய ஓட்டை வழியாகப் பறந்து வெகுதூரம் போய் விழுந்திருக்கிறார்.

"வண்டி நின்னுருச்சுங்க அம்மிணி" என்றார். "நான் நிக்கலீங்களே."

கைதட்டிய என் கை அப்படியே நின்றது. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன், காலையில் எழுந்ததும் புரிந்துவிட்டது. அசையாத தூண் வேண்டாம். அசையவேண்டும், ஆனால் மெதுவாக அசையவேண்டும். வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது. கையைப் பிடித்து ரோட்டுக்குத் திருப்பி அழைத்துவரவேண்டும்.

அதற்குக் கல்லும் வேண்டாம், கான்கிரீட்டும் வேண்டாம் என்று மரத்துக்கு வந்தேன். எஸ்டேட்டில் விறகுக்காக யூக்காலி வளர்த்தார்கள். தொடை கனத்துக்கு நேரான கம்பங்கள் சுலபமாகக் கிடைத்தன. வரிசையாகக் கம்பங்களை ஊன்றி, அவற்றின் மேல் நீளவாக்கில் இரும்புச் சட்டம் ஓடவேண்டும். ஒரு கம்பம் வாங்கும் அடியைச் சட்டம் பக்கத்துக் கம்பங்களுக்கும் பகிர்ந்துகொடுக்கும். தேயிலை காயவைக்கும் பழைய கொட்டகையைப் பிரித்தபோது கழற்றிப்போட்ட சட்டங்கள் ஃபிட்டரிடம் இருந்தன. ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இணைத்துக்கொடுத்தார்.

லாரியின் மடங்கிய முன்பக்கத்தை ஃபிட்டர் அடித்து நிமிர்த்திவைத்தார். மூன்றாவது ஞாயிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் இருந்தவர்கள் குடும்பத்தோடு வந்து இடதுபக்க மேட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். சுண்டல் வந்தது. லாரி இறங்கியது, மோதியது, கம்பங்கள் ஒடியவில்லை. அதற்குப் பதிலாக, கடலைச்செடி பிடுங்குவதுபோல் ஒவ்வொன்றாக வேரோடு மண்ணைவிட்டு மேலே வந்தன. லாரி அந்த வேலி முழுவதையும் மாலை மாதிரி மூக்கில் மாட்டிக்கொண்டு, நிதானமாகத் தேயிலைக்குள் நடந்து போனது. மேட்டில் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனால் பானை! அது உடையவில்லை. டிரைவர் ஓடிப்போய் வைக்கோல் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து மேட்டுக்காரர்களுக்குக் காட்டினார். அவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள்.

மண் விட்டுக்கொடுத்ததுதான் குற்றம். ரோட்டோரத்து மண் கொட்டி நிரப்பிய மண். பிடிப்பு இருக்காது. கம்பத்தை இன்னும் ஒன்றரை அடி ஆழமாக இறக்கி, தரைக்குச் சற்றுக் கீழே பள்ளத்துப் பக்கம் ஒரு பலகையைக் குறுக்காகப் புதைத்தேன். கம்பம் சாயப் பார்த்தால் அந்தப் பலகை மண்ணை நெஞ்சால் தள்ளவேண்டும். கம்பத்தின் அடிப்பாகத்துக்குக் கரையான் வராமல் தார் பூசினேன். தாருக்கு மட்டும் எனக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த சோதனையில் கம்பங்கள் சாய்ந்தன, ஆனால் வெளியே வரவில்லை. சட்டத்தில் உரசிக்கொண்டே லாரி ரோட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது. திடீரென்று பட்டென்று ஒரு சத்தம். லாரி பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றது. பானை போய்விட்டது.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஃபிட்டர் எல்லாக் கம்பத்தையும் தட்டிப் பார்த்தார். டிரைவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படுத்தபடியே கூப்பிட்டார்.

"அம்மிணி, இக்கட்டால வாங்க. சக்கரத்தப் பாருங்க. சட்டத்துக்கு அடியில பூந்து கம்பத்துக் கால்ல மாட்டிருச்சுங்க. ஒருத்தன் வெசையா நடந்து வாரப்ப நாம கால நீட்டி வெச்சாக்க எப்படி? அப்படித்தான்."

"அப்ப என்னங்ணா பண்றது?"

"கால மடக்கி வெக்கச் சொல்லுங்க."

கம்பத்தின் காலை எப்படி மடக்குவது? கம்பத்தையே பின்னால் தள்ளிவைக்கலாம். அப்போது சட்டம் எதில் நிற்கும்? அங்கேயே தரையில் குச்சியால் வரைந்து பார்த்தேன். கம்பத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் கனத்துக்கு ஒரு மரக்கட்டை. சட்டம் முன்னால் இருக்கும், கம்பம் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும், சக்கரம் உரசிப்போக இடம் கிடைக்கும். ஃபிட்டர் என் படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான் போல இருக்கு" என்றேன். அதே வாரம் பதினான்கு கட்டைகள் அறுத்துத் துளைபோட்டு வைத்துவிட்டார்.

கட்டை வைத்தபின் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். லாரி உரசி, திரும்பி, ரோட்டிலேயே போய் நின்றது. பானையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. அந்தத் தண்ணீரை டிரைவர் குடித்துவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி மேலதிகாரியைக் கூப்பிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். முந்தின நாள் முழுக்க மழை. பழைய ரோடு வழுக்கிக்கொண்டிருந்தது. மேட்டில் அன்றைக்கு மூன்று மடங்கு கூட்டம். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, "எடோ, இது உற்சவம் மாதிரி இருக்கல்லோ" என்றார்.

ஃபிட்டர் கட்டையை உருவினார். லாரி பத்தடி போயிருக்கும். ஸ்டியரிங்கைக் கட்டியிருந்த கயிற்றில் ஒரு பக்கம் அறுந்து தொங்கியதை நான் பார்த்தேன். வண்டியின் மூக்கு மெதுவாக இடதுபக்கம் திரும்ப ஆரம்பித்தது. இடதுபக்கம் மேடு. மேட்டில் மக்கள், சுண்டல், இடுப்பில் குழந்தைகள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அதற்குள் காக்கிச் சட்டை ஒன்று என்னைத் தாண்டி ஓடியது. டிரைவர் லாரியோடு கூடவே நாலு எட்டு ஓடி, கதவில்லாத வாசலைப் பிடித்துத் தொற்றி உள்ளே ஏறிவிட்டார். வைக்கோல் ஆளைத் தூக்கி எறிய நேரமில்லை. அதன் மடியிலேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடித்தார். வண்டி மேட்டின் ஓரத்து மண்ணைச் சீவிக்கொண்டு மறுபடி ரோட்டுக்கு வந்தது. அதற்குப் பிரேக் இல்லை. போகிற இடம் ஒன்றுதான். நான் நட்ட கம்பங்கள்.

அந்தச் சில நொடிகள் நான் கடிகாரம் பார்க்கவில்லை. கம்பத்தின் ஆழமும் பலகையும் கட்டையும் போல்ட்டும் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு ஆளைத் தாங்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதுவரை நான் போட்ட எந்தக் கணக்கிலும் மீசை வைத்த ஒருவர் இருந்ததில்லை.

சட்டம் கிறீச்சென்று ஒரு நீளச் சத்தம் போட்டது. கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைச் சாய்த்தன. லாரி உரசிக்கொண்டே திரும்பி, வேகம் இழந்து, ரோட்டுக்கு நடுவே வந்து நின்றது.

டிரைவர் இறங்கினார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் பானை உடைந்து தண்ணீரெல்லாம் அவர் மேல். உடம்பில் வைக்கோல். நாக்கைக் கடித்துக்கொண்டதால் பேச்சு சரியாக வரவில்லை.

நான் அவரைத் திட்டினேன். வயதில் மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுகிறவர் என்றெல்லாம் பார்க்காமல், கண்ணீர் ஒழுக ஒழுகத் திட்டினேன். "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா உங்க ஊட்ல நான் என்னங்க சொல்லுவேன்?" என்றேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கொளந்தைகளப் பாத்தனுங்க அம்மிணி" என்றார். அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. ஃபிட்டர் வந்து டிரைவரின் முதுகில், தோளில், மண்டையில் எல்லாம் விரல்களால் தட்டிப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் கேக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மேலதிகாரி குடையை மடக்கியிருந்தார். மழை பெய்துகொண்டிருந்ததை மறந்துவிட்டார் போல. கடைசியில் என்னிடம் வந்து, "பானை பொட்டிப்போச்சே. இது ஜெயமோ, தோல்வியோ?" என்றார்.

எனக்கு முன்னால் டிரைவர் பதில் சொன்னார். "நான் இருக்கறனுங்களே சார்."

அந்தத் திங்கட்கிழமை எஸ்டிமேட்டில் மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். அதற்கு முன், மரத்துக்குக் கரையான் பிடித்தால் யார் சமாதானம் சொல்வது என்று கேட்டார். அவர் ஊரில் சமாதானம் என்றால் விளக்கம். நான் சொல்கிறேன் என்றேன். இன்னொரு நிபந்தனையும் போட்டார். இனிமேல் எந்தச் சோதனையிலும் பத்தடிக்கு ஒரு ஆள் நின்று கூட்டத்தைத் தள்ளி நிறுத்தவேண்டும். அது நியாயம். நான் முதல் நாளே செய்திருக்கவேண்டியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மேடு ஞாபகம் வந்தால் உள்ளங்கை வியர்க்கிறது.

அடுத்த மழைக்கு முன்னால் வளைவில் இருபத்தெட்டுக் கம்பங்கள் நட்டோம். சட்டத்துக்கு வெள்ளையும் கறுப்புமாக வர்ணம். பிறகு மூன்று மாதம் அதில் யாரும் மோதவில்லை. எனக்கு அது பெரிய சங்கடம். மோதக் கூடாது என்றுதான் நட்டோம். ஆனாலும் தினமும் காலையில் போய் ஏதாவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் நிம்மதி, கூடவே ஒரு சின்ன ஏமாற்றம். இரண்டும் சேர்ந்தே வந்தன.

மழை வலுத்த ஒரு வாரத்தில் ஆபீசுக்கு ஒரு மனு வந்தது. யாரோ எழுதிக்கொடுத்து, கீழே கைநாட்டு வைத்த மனு. சாலை இலாகா புதிதாக வைத்திருக்கும் வேலியில் இருக்கும் போல்ட்டு தன் சேலையைக் கிழித்துவிட்டது, உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று இருந்தது. மேலதிகாரி அதை என்னிடம் நீட்டி, "இதா, இதுக்கு நீதான் சமாதானம் பறயணும்" என்றார்.

மனு கொடுத்தவர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் ஒரு அம்மாள். லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சேலையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். ஊதா நிறம். முந்தானையில் ஒரு முழம் கிழிசல்.

"தீவாளிக்கு எடுத்தது! ஒரு தடவதான் கட்டுனேன்!"

"எப்படிக் கிழிஞ்சதும்மா?"

"ஜீப்புல பதிமூணு பேரு வாரோம். நான் ஓரத்துல, முந்தானை வெளிய கெடந்துருக்கு. அந்த வளைவுல ஜீப்பு வழுக்கிட்டு. டிரைவரு ஐயோன்னுட்டாரு. நாங்க எல்லாரும் கண்ண மூடிட்டோம். என்னமோ இடிச்சுது, சும்மா தொட்டில ஆட்டுன மாதிரி ஒரு ஆட்டம். கண்ணத் தொறந்தா ரோட்டுல நிக்கோம். அதெல்லாம் சரி. சேலைக்கு யாரு பதில் சொல்லுதது?"

"பதிமூணு பேருக்கும் ஒண்ணும் ஆகலியேம்மா?"

"எங்களுக்கு என்ன? நாங்க அப்படியே வேலைக்குப் போயிட்டோம். சேலையப் பாருங்கன்னா!"

நான் சேலையைப் பார்த்தேன். கிழிசலை விரலால் அளந்தேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு அது வருத்தமான விஷயம். எனக்கோ அங்கேயே அந்த வாசலில் ஒரு ஆட்டம் போடலாம்போல் இருந்தது. "தப்பு எங்களுதுதாம்மா. சரிபண்ணிடறேன்" என்றேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதே ஊதாவில் ஒரு சேலை எடுத்துவந்து கொடுத்தேன். கரை கொஞ்சம் அகலமாக இருக்கிறது என்று ஒரு குறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுத் தலைகள்தான் காரணம். ஆறு மூலையும் கூராக இருந்தன. ஃபிட்டரிடம் சொன்னேன். உலையில் காயவைத்து ஒவ்வொரு தலையையும் உருண்டையாக, வழவழப்பாக, சட்டைப் பொத்தான் மாதிரி அடித்துக்கொடுத்தார். ஒரு நாள் முழுக்க வளைவில் நின்று பழைய போல்ட்டுகளைக் கழற்றி இவற்றை மாட்டினோம். எல்லாம் மாட்டி முடிந்ததும், என் சேலைத் தலைப்பை எடுத்து அந்தச் சட்டத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துக்கொண்டே நடந்தேன். எங்கேயும் மாட்டவில்லை. எதிரே வந்த பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.